இடுப்பில் இருந்த சாவி

அந்த ஜெனரேட்டரை முதலில் பார்த்தபோது அதன்மேல் பல வருடத்துச் சந்தனம் அடை அடையாக அப்பியிருந்தது. ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் வழியில் ஒரு ரோஜாத் தோட்டத்தின் பின்பக்கம், கிழிந்த பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் கிடந்தது. பூக்களை வைக்கும் குளிர் அறைக்காக வாங்கியதாம். பிறகு தோட்டத்துக்குத் தனி லைன் வந்துவிட்டது, அதற்கப்புறம் இதை யாரும் தொடவில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் தொட்டிருக்கிறார்கள். கழுவாமலே சந்தனம், அதன்மேல் குங்குமம், அடுத்த வருடம் அதற்குமேல் இன்னொரு பூச்சு. ஏர் கிளீனரின் வாயில் எலி கூடு கட்டியிருந்தது, அந்தக் கூட்டுக்கும் சேர்த்துப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"ஓடலைன்னாலும் பூஜைக்கு ஒரு கொறையும் வெக்கலீங்க" என்றார் தோட்டக்காரர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். விலை என்ன என்று கேட்டதற்கு, "தகொண்டு ஹோகி" என்று கையை வீசினார், எடுத்துக்கொண்டு போங்கள் என்று. இடம் காலியானால் போதும் என்ற முகம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பதினெட்டு வருடமாக ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் மெயின்டனன்ஸில் இருக்கிறேன், பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பார்த்தேன். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், அதோடு சேர்ந்து கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் சக்கரம் அசையவில்லை. பிஸ்டன் துருவேறி உள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தது. டேங்கில் பாதி தண்ணீர். குறைந்தது இரண்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குப் போகும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. நினைக்கும்போதே சலிப்பாக இருந்தது. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் அண்ணன் இருந்தார்.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் ஊர் காவேரிப்பட்டினத்துப் பக்கம். மாந்தோப்பு பாகம் பிரிந்தபோது எங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது தோப்பு இல்லை, தோப்புக்குப் போகும் பாதைதான் என்று அண்ணன் கிண்டல் செய்வார். அதனால் பத்தொன்பது வயதில் கிரானைட் வேலைக்குப் போனார். கொஞ்ச காலம் குவாரியில், பிறகு கல்லை அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறையில். முப்பது வருடத்துக்குமேல் கல்லைக் கண்ணாடியாக்கி லாரியில் ஏற்றி அனுப்பினார். என்னை ஐ.டி.ஐ.யில் படிக்க வைத்ததும் அந்தக் கல்தான். கல் கப்பலேறிப் போனது, அதன் தூள் மட்டும் அண்ணனின் நுரையீரலில் தங்கிவிட்டது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். அந்தத் தூளுக்குத் துண்டெல்லாம் ஒரு தடையா.

அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. போன மழைக்காலத்தில் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு மெஷினை எழுதிக் கொடுத்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷின். அது இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும், ஓடக் கரண்ட் வேண்டும்.

எங்கள் வீடு பேரிகை சாலையில் புதிதாய்ப் போட்ட மனைப்பிரிவில் கடைசி வரிசை. கரண்ட் கம்பிக்கும் அதுதான் கடைசி. நடுவில் ஒரு தைலமரத் தோப்பு இருக்கிறது, காற்றடித்தால் ஒரு கிளையாவது கம்பியில் விழும். லைன்மேனை நான் குறை சொல்ல மாட்டேன், கொட்டுகிற மழையில் அவர் கம்பத்தில் ஏறி நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஒன்றரை மணி நேரம் தாங்கும். பிறகு கட்டிலுக்கு அடியில் இருக்கும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், அது முக்கால் மணி நேரம். ஆக மொத்தம் இரண்டேகால் மணி நேரம். அதற்குள் கரண்ட் வராவிட்டால் அண்ணனுக்கு மூச்சு இல்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக, சும்மா கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு லோடு வண்டியும் நாலு ஆட்களும் தேவைப்பட்டார்கள். கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகையில் இறக்கி வைத்தோம். நான் செய்த முதல் வேலை சந்தனத்தைச் சுரண்டியது. என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் திண்டுக்கல் பக்கம், இங்கே ஒரு கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவள், அண்ணன் படுத்த பிறகு வேலையை விட்டுவிட்டாள்.

"சாமிக்கு வச்சத இப்பிடியா சொரண்டுவாக?" என்றாள்.

"சாமி உள்ள மூச்சு முட்டிக் கெடக்குது, மொதல்ல அதப் பாக்கறன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தேன். அண்ணனின் கட்டில் அந்த ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தது.

பிஸ்டனைக் கிளப்பவே மூன்று வாரம் ஆனது. டீசலைப் பீய்ச்சும் நாஸிலைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, தினமும் டூட்டி முடிந்து வந்ததும் சக்கரத்தில் பைப்பைக் கொடுத்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்ப்பேன். அசையாது. கம்பெனியில் எட்டு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து இங்கே இன்னொன்றோடு மல்லுக்கட்டுவது. குளிக்கும்போது கையில் கம்பெனி கிரீஸ் எது, வீட்டு கிரீஸ் எது என்று தெரியாது. சாப்பிடும்போதே கண் சொருகும். ஷிப்ட் மாறும் வாரங்களில் எது காலை எது மாலை என்பதே குழம்பிவிடும். அந்த மூன்று வாரத்தில் மனைவியிடம் நான் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம், அதில் பாதி எரிந்து விழுந்தவை.

மூன்றாவது வாரம் அண்ணன் ஜன்னல் வழியாகக் கேட்டார். "சுடு தண்ணி ஊத்துனியாடா?"

"எங்க?"

"சிலிண்டரோட வெளிச் சொவருக்கு. தண்ணி நிக்குற எடத்துல. குவாரி கம்ப்ரஸருக்கு அப்பிடித்தான் ஊத்துவோம். சூட்டுல வெளிய இருக்குறது விரியும், உள்ள இருக்குறது உட்டுடும்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஊற்றினேன். நாலாவது குடத்தில் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபம்தான் வந்தது. கேட்டும்விட்டேன்.

"நீ கேக்கலியேடா" என்றார்.

நாஸிலையும் டீசல் பம்பையும் பேரிகையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சந்தை நாளில் டிராக்டர்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தார். ஆட்களோடு தெலுங்கு, வந்தவர்களோடு கன்னடம், என்னோடு தமிழ், மூன்றிலும் ஒரே அளவு அலட்சியம். நாஸிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சினு சாவலீங்ணா, தூங்குது. நீங்க எழுப்பத் தெரியாம ஒதைக்கறீங்க. சொல்ப பொறுங்க" என்றார். அந்தச் சொல்பம் பன்னிரண்டு நாள் ஆனது. ஆனால் வேலை சுத்தம், பீய்ச்சிக் காட்டியபோது டீசல் புகையாக வந்தது.

ஆல்டர்னேட்டர் வேறு ஈரம் குடித்திருந்தது. அதன்மேல் சாக்கைப் போர்த்தி, அடியில் இரண்டு குண்டு பல்புகளை எரியவிட்டு ஒரு வாரம் காயவைத்தேன். மின்கசிவு பார்க்கும் மீட்டரைக் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிவந்து தினமும் அளந்தேன். பிரசவமான வீட்டில் பிள்ளைக்குச் சூடு காட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சிரித்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளாகச் சொல்லி அவளாகச் சிரித்ததால் நானும் சிரித்துவைத்தேன்.

ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடியது. இதில் ஸ்டார்ட் மோட்டார் கிடையாது, கையால் சுற்ற வேண்டும். எஞ்சினின் தலையில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே காற்று அமுங்காது, கைப்பிடி லேசாகச் சுற்றும். வேகம் ஏறியதும் லீவரை விட்டுவிட வேண்டும். விடும் நேரம் தவறினால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு போய்விடும். ஒன்பதாவது முறையில் கரும்புகை கக்கி, இருமி, ஓடியது. பல வருடம் சும்மா கிடந்த ஆல்டர்னேட்டரில் காந்தம் வற்றிப்போயிருந்தது, கரண்ட் வரவில்லை. கார் பேட்டரியை இரண்டு நொடி தொட்டு எடுத்ததும் வந்தது. ஜெனரேட்டரின் பக்கத்திலிருந்த பிளக்கில் நேரடியாக ஒரு பல்பை மாட்டிச் சோதித்தேன். அது எரிந்தபோது மனைவி வாசலிலிருந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். நான் தடுக்கவில்லை.

"எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

"உன்னால சுத்த முடியாது. அடுத்த மாசம் செல்ஃப் மோட்டார் வெச்சிடறன், அப்பறம் பட்டனத் தட்டுனாப் போதும்."

சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் எனக்குத் தூக்கம் வந்தது.

மிச்சம் இருந்தது சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். வீட்டுக்குள் கரண்ட் கம்பத்திலிருந்து வர வேண்டுமா, ஜெனரேட்டரிலிருந்து வர வேண்டுமா என்று மாற்றும் பெரிய கைப்பிடி. அதை ஆடி பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை மாலை சுவரில் பொருத்தினேன். வயர்கள் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. எர்த்துக்குக் குழி மட்டும் தோண்டிக் கிடந்தது, உப்பும் கரியும் போட்டு மூடவில்லை. நியூட்ரலையும் சோதிக்கவில்லை. இதில் தப்பு இருந்தால் ஜெனரேட்டரின் கரண்ட் வெளியே கம்பத்துக்கு ஏறிவிடும். அங்கே லைன்மேன் கைவைத்திருப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை முடித்துக்கொள்ளலாம் என்று, கைப்பிடியைக் கம்பத்துக் கரண்ட் பக்கமே வைத்துப் பூட்டினேன்.

பூட்டு என்றால் கம்பெனிப் பூட்டு. எங்கள் வேலையில் மெஷினுக்குள் கை விடுமுன் அதன் மெயின் ஸ்விட்சைப் பூட்ட வேண்டும். சிவப்புப் பூட்டு, அதோடு ஓர் அட்டை. 'அபாயம், இயக்காதே, வேலை நடக்கிறது' என்று எழுதி, கீழே என் பெயரும் போட்டோவும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி, அந்தச் சாவி பூட்டியவன் இடுப்பில். மேனேஜரே வந்தாலும் கொடுக்கக் கூடாது. எங்கள் செக்‌ஷனில் ஒருவர் பூட்டாமல் உள்ளே கை விட்டார், யாரோ வந்து ஸ்விட்சைப் போட்டார்கள், நான்கு விரல் போனது. அந்த விரல்களை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து பூட்டாமல் எதையும் விட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. பூட்டை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுதான். பையில் வந்துவிட்டது.

மனைவி அட்டையில் இருந்த என் போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள். "சாவி எங்க?"

"எங்கிட்ட."

"அவசரத்துக்கு?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள என்ன அவசரம் வரப்போவுது?"

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை விடியுமுன்பே காற்று தகரக் கொட்டகையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் ஐந்தேகால் மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினேன். சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் செல்போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். கரண்ட் போனதும் வராததும் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது, கம்பெனியின் ஜெனரேட்டர் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளும். இரண்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தேன். போனில் வீட்டிலிருந்து முப்பதுக்குமேல் கால்கள். முதல் கால் பத்தே முக்காலுக்கு. கடைசிக் கால் பன்னிரண்டே முக்காலுக்கு. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடலாம். சொல்லத்தான் இவ்வளவையும் எழுதினேன். கரண்ட் பத்தரைக்குப் போயிருக்கும். பத்தரையோடு இரண்டேகாலைக் கூட்டினால் பன்னிரண்டே முக்கால். அந்தக் கணக்கு மனதில் விழுந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. முடிந்துவிட்டது என்று தோன்றியது, தோன்றியதும் தோளிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், வேறு வார்த்தை இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. பயத்தில் கை இடுப்புக்குப் போனது, பெல்ட்டில் அந்தச் சாவி இருந்தது.

திரும்பக் கூப்பிட்டேன், போன் ஸ்விட்ச் ஆஃப். வாசல் காவலரிடம், கம்பெனி போனில் யாராவது என்னைக் கேட்டுப் பேசினார்களா என்று கேட்டேன். ஒரு பெண் பேசினாள், தமிழ் புரியவில்லை, வைத்துவிட்டேன் என்றார் இந்தியில். அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை, யோக்கியதையும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்ட கூட்டாளியிடம் பூட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஆனைக்கும் அடி சறுக்கும், விடு" என்றான். எனக்கு என்னவோ ஆனையே வந்து மிதித்தது போலத்தான் இருந்தது.

வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் பஸ் ஊர்ந்தது. எங்கள் நிறுத்தத்தில் இறங்கியபோது நாலு மணி. டீக்கடையில் டியூப்லைட் எரிந்தது, கரண்ட் வந்துவிட்டிருந்தது. எனக்கு வீட்டை நோக்கிக் கால் வரவில்லை. தைலமரத் தோப்பைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஐந்தாவது ஆறாவது அடிக்கு ஒருமுறை லேசாகத் தடுக்கும். அந்தத் தடுக்கலைச் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து ஓடினேன்.

கொல்லைப்பக்கம் மனைவி குடத்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அடுத்த குடத்துக்குப் போனாள். ஜெனரேட்டரின் பிளக்கிலிருந்து, நான் பல்பு மாட்டிச் சோதித்த அதே பிளக்கிலிருந்து, ஒரு நீண்ட வயர் தரையில் ஓடி ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. சுவரில் என் பூட்டு அப்படியே தொங்கியது, என் போட்டோவோடு. அதை அவள் தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, வீடு முழுக்கக் கரண்ட் யாருக்கு வேண்டும், ஒரு மெஷினுக்குத்தானே வேண்டும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒரு வயரைச் சுருட்டி ஜன்னலில் மாட்டி வைத்திருந்தால் போதும்.

உள்ளே அண்ணன் தலையணைகளில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்து, வெளுத்து, பாதி தெளிந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தத்தில் அவர் பேசுவது கேட்காமல் காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"சாவி எங்கடா வெச்சிருந்தே?"

"இடுப்புலணா."

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அது அடங்கியதும் நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். இன்வெர்ட்டர் நின்றது. சிலிண்டர் முள் இறங்கியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியும் மரம் விழுந்த பாதையில் அது வரவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இவள் எஞ்சின் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, எப்படிச் சுற்றுவது என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் லீவரைச் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சைக் கொடுத்து.

பிறகு கேட்டார். "போன்ல அத்தன காலு பாத்தப்ப என்னடா நெனச்சே?"

"பயந்துட்டன்ணா."

என் முகத்தையே பார்த்தார். "பொய் சொல்லாத. பரவால்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லிட்டிருந்தது.

"முள்ளு கீழ வந்தப்ப எனக்கும் பயமில்லடா. சரி, உட்டுது தொல்லைன்னு இருந்திச்சு. உன்னியும் அவளியும் போட்டுக் கொல்றமேன்னு... கண்ண மூடிக்கினன். நிம்மதியாத்தான் இருந்திச்சு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அவதான் உடல. ஜன்னல் வழியா கைய உட்டுக் கன்னத்துல தட்டறா. கண்ணத் தொறங்க மாமா, லீவர எப்ப விடணும், சொல்லிட்டுத் தூங்குங்கன்னு. சொல்லலன்னா சாவ உட மாட்டா போல. சொல்லிட்டன்."

அந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் விட்டுவிட்டோம். அவளும் களைத்துத்தான் இருந்தாள், எங்கள் இருவரையும்விட அதிகமாக. நான் டூட்டிக்குப் போய் எட்டு மணி நேரம் அண்ணனை மறந்திருந்தேன், அவளுக்கு அந்த எட்டு மணி நேரமும் கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், அதற்கும் சோர்வாக இருந்தது.

வெளியிலிருந்து அவள் கத்தினாள். "என்னங்க! இத எப்பிடி நிப்பாட்டுறது? கரண்டு வந்து ஒரு மணி நேரமாச்சு, இனிமே போகாது போல, டீசலு சும்மா போகுது!"

நிறுத்துவதையும் நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எழுந்து போனேன். போகிற வழியில் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, அட்டையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் எஞ்சின் பக்கத்தில் நின்றாள். வலது உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தாள், அதில் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. எத்தனை தடவை சுற்றினாய் என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை. பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் லீவரைக் காட்டி, "இதான். இழுத்துப் புடிச்சா நின்னுடும்" என்று சொல்லிக்கொண்டே இழுக்கக் கையை வைத்தேன்.

அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"மொதல்ல உள்ள போயி பிளக்க மாத்துங்க" என்றாள். "மாமா இன்னும் இதுலதான் மூச்சு விட்டுக்கிட்டிருக்காரு."

நான் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.